பிரிட்ஜ்ல ஜேபி, நெக்ல என்ன? – கிட்டார் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த எலெக்ட்ரிக் கிட்டார் கேள்விகள்ல நிறைய நெக் பிக்கப்பைச் சுத்தியே இருக்கு. பிக்கப்னா கம்பியோட அசைவை மின் சிக்னலா மாத்துற காந்தமும் காயிலும், கழுத்துப் பக்கம் இருக்கிறது நெக், கம்பி முடியுற பக்கம் இருக்கிறது பிரிட்ஜ். பிரிட்ஜ்ல நல்லதா ஒரு ஹம்பக்கர், அதாவது இரைச்சல் வராம ரெண்டு காயில் வச்ச பிக்கப், வாங்கிப் போட்டாச்சு, இப்ப நெக் அதோட ஒட்டவே மாட்டேங்குதுன்னு பல ஊர்ல இருந்து எழுதியிருக்காங்க. ஆம்ப், பெடல் பத்திக் கேட்டவங்களுக்கு அடுத்த மாசம் எழுதுறேன், இந்த தடவை முழுக்க இதையே பேசிடுவோம்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட லெஸ் பால் மாடல்ல ஒரு மஹாகனி கிட்டார் இருக்கு, 22 ஃபிரெட் (கழுத்துல இருக்கிற உலோகக் கோடு). போன வருஷம் பிரிட்ஜ்ல செய்மோர் டங்கன் கம்பெனியோட ஜேபி பிக்கப் போட்டேன், சூப்பரா இருக்கு. நெக்ல கிட்டாரோட வந்த பழைய பிக்கப் தான். ஞாயித்துக்கிழமை சர்ச்ல க்ளீன்ல, அதாவது கரகரப்பு (டிஸ்டார்ஷன்) சேர்க்காம, கார்டு வாசிப்பேன், மத்த நாள்ல மெல்லிசைக் குழுல லீட். நெக்குக்கு மாத்தினா பேஸ் மட்டும் கொழகொழன்னு வருது, கார்டுல எந்த ஸ்வரம் எங்க இருக்குன்னே தெரியல. கடைல கேட்டா ஜேபி 16கே (கிலோ ஓம்), அதனால நெக்கும் 16கே பக்கத்துல இருந்தா தான் மேட்ச் ஆகும்னு சொல்றாங்க. நெட்ல தேடினா அதே கம்பெனி பிக்கப்கள்லயே ஜாஸ், 59, ஆல்நிக்கோ டூ ப்ரோன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை வாங்கட்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, நெக்ல இன்னொரு 16கே பிக்கப் போடாதீங்க. அதை முதல்லயே சொல்லிடுறேன், மத்ததை நிதானமா பேசுவோம்.

துணி காயப்போடுற கொடிக் கயித்தை இழுத்து விட்டா நடுவுல தான் பெரிசா ஆடும், கம்பம் பக்கத்துல லேசா தான் ஆடும், கிட்டார் கம்பியும் அப்படித்தான். பிரிட்ஜ் பக்கத்துல கம்பி அசையுறது ரொம்ப கம்மி, நெக் பக்கம் போகப் போக அசைவு பெரிசாகுது, அதுலயும் அடிப்படை ஸ்வரத்தோட அசைவு தான் அங்க தூக்கலா இருக்கும். அதனால ஒரே பிக்கப்பை ரெண்டு இடத்துலயும் மாட்டினா நெக் தானாவே அதிக சத்தமாவும் தடிமனாவும் கேக்கும், பிரிட்ஜ் ஒல்லியா கூர்மையா கேக்கும். ஆக நெக்குக்கு வேண்டியது பவர் கம்மியான, தெளிவான பிக்கப். மேட்ச்னா ரெண்டுக்கும் ஒரே நம்பர் இருக்கிறதுன்னு நினைக்காதீங்க, பிக்கப் மாத்துற ஸ்விட்சைத் தள்ளும்போது சத்தம் ஏறி இறங்காம, ரெண்டுமே ஒரே கிட்டார்லேர்ந்து வர்ற மாதிரி கேக்கணும், அது தான் மேட்ச்.

இந்த பிரச்சினை எங்க ஆரம்பிச்சுதுன்னும் சொல்லணும். கிப்சன் கம்பெனில சேத் லவர் 1955ல ஹம்பக்கருக்கு பேட்டன்ட் கேட்டு விண்ணப்பிச்சார், 1957ல அது லெஸ் பால் கிட்டார்ல வந்துச்சு, பேட்டன்ட் கைக்கு வந்தது 1959ல. நடுவுல பிக்கப் அடியில "பேட்டன்ட் அப்ளைட் ஃபார்"னு ஸ்டிக்கர் ஒட்டினாங்க, அதனால தான் அந்தக் கால பிக்கப்பை பிஏஎஃப்னு சொல்றோம். அப்பல்லாம் நெக்குக்கு தனியா பிரிட்ஜுக்கு தனியான்னு சுத்தவே இல்லை, ரெண்டுலயும் ஒரே பிக்கப் தான். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, 7கேயும் வரும் 9கேயும் வரும், உயரத்தை ஏத்தி இறக்கி சரி பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் 1972ல டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் வந்துச்சு, செராமிக் காந்தம், 13கேக்கு மேல, ஆம்ப்பை நல்லா தள்ளும். அதுலேர்ந்து பிரிட்ஜ்ல மட்டும் ஹாட் பிக்கப், அதாவது பவர் கூடினது, போடுற பழக்கம் பரவி, நெக்ல என்ன வைக்கிறதுங்கிற கேள்வியும் கூடவே வந்துடுச்சு. உங்க ஜேபியும் அந்தக் காலத்து சரக்கு தான், லண்டன்ல ஃபெண்டர் சவுண்ட்ஹவுஸ்ல வேலை பார்த்த செய்மோர் டங்கன், ராக் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்குக்கு ஒரு டெலிகாஸ்டர் கிட்டார்ல ஹம்பக்கர் மாட்டிக் கொடுத்தார், அந்த வேலைலேர்ந்து வளர்ந்தது.

இப்ப அந்த 16கே விஷயம். அது பிக்கப்போட டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது உள்ள சுத்தியிருக்கிற செம்புக் கம்பியோட மின்தடை. அதை வச்சு பவர் எவ்வளவுன்னு சொல்றது பெரும்பாலும் தப்பாத்தான் போகும், ஏன்னா கம்பி மெலிசா இருந்தா அதே நீளத்துக்கு தடை கூடிடும். பழைய பிஏஎஃப்ல 42 கேஜ் கம்பி, குறுக்களவு சுமார் 0.063 மிமீ, ஜேபில 44 கேஜ், சுமார் 0.051 மிமீ. கணக்குப் போட்டா 44 கேஜ்ல ஒரே நீளத்துக்கு தடை ஒண்ணரை மடங்குக்கும் கொஞ்சம் மேல வரும். அப்ப உங்க ஜேபியோட பதினாறரை கேங்கிறது 42 கேஜ் கணக்குல பார்த்தா பத்தரை கே மாதிரி தான். ஏழரை கே நெக் பிக்கப்போட ரெண்டு மடங்குக்கு மேல பவர்னு பயந்தீங்கன்னா நிஜ வித்தியாசம் அந்த அளவுக்கு கிடையாது, அதனால ஏழரை கேல வாங்கினா நெக் அமுங்கிடும்ங்கிற பயமே வேண்டாம்.

இன்னொண்ணு, செம்போட தடை வெயிலுக்கு ஏறும், ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம். 20 டிகிரில 7.5கேன்னு இருக்கிற பிக்கப்பை திருச்சில சித்திரை மாசம் 38 டிகிரில மல்டிமீட்டர் வச்சு அளந்தீங்கன்னா 8கே காட்டும். டூப்ளிகேட்டை தலைல கட்டிட்டாங்கன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போயிடாதீங்க.

ஒலிய நிர்ணயிக்கிறது பெரும்பாலும் சுத்து எண்ணிக்கை, காந்தம், அப்புறம் ரெண்டு காயிலும் எப்படி சுத்தியிருக்குங்கிறது. சுத்து கூடக் கூட இண்டக்டன்ஸ்ங்கிற மின் குணம் ஏறும், ஏறினா பிக்கப்போட ரெசனன்ஸ், அதாவது அது தூக்கலா காட்டுற அதிர்வு, கீழ இறங்கும், ட்ரெபிள் (கீச்சு ஒலி) அடங்கி மிட் (நடு ஒலி) தூக்கும். பிரிட்ஜ்ல அது நமக்கு வரம், அங்க ஏற்கனவே காதைக் குத்துற ட்ரெபிள் இருக்கு, ஜேபி அதை மிட்ல நிரப்புது. அதையே நெக்ல வச்சா அங்க ஏற்கனவே கொட்டிக்கிடக்கிற லோ மிட் மேல இன்னும் கொட்டின மாதிரி ஆகும். உங்களுக்கு இப்ப கொழகொழன்னு வர்றதுக்கும் காரணம் அனேகமா இது தான், குறைஞ்ச விலை கிட்டார்கள்ல பல தடவை நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் ஒரே மாதிரி சுத்தின பிக்கப்பைத் தான் போட்டு அனுப்புறாங்க.

நீங்க சொன்ன மூணு பேர்ல பாருங்க, ஜாஸ், 59, ஆல்நிக்கோ டூ ப்ரோ மூணோட நெக் மாடலும் ஏழரை கே பக்கத்துல தான், ஆனா மூணும் மூணு குரல். ஜாஸ்ல ஆல்நிக்கோ 5 காந்தம் (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தத்துல ஒரு வகை), பேஸ் இறுக்கமா நிக்கும், மேல தெளிவு இருக்கும், டிஸ்டார்ஷன் போட்டாலும் ஸ்வரங்கள் தனித்தனியா பிரியும். 59லயும் ஆல்நிக்கோ 5 தான், ஆனா அதுல பேஸும் ட்ரெபிளும் பெரிசு, நடுவுல கொஞ்சம் பள்ளம், க்ளீன்ல வாசிச்சா மணி மாதிரி அழகா இருக்கும், அதே சமயம் மஹாகனில கெயின், அதாவது டிஸ்டார்ஷன் அளவை, ஏத்தினா அந்த பேஸ் உருள ஆரம்பிக்கும். ஆல்நிக்கோ டூ ப்ரோ பேருக்கேத்த மாதிரி ஆல்நிக்கோ 2, காந்த சக்தி கம்மி, அட்டாக், அதாவது மீட்டின உடனே வர்ற அடி, மென்மையா இருக்கும், லீட்ல பாடுற குரல். ராக் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் நெக்லயும் பிரிட்ஜ்லயும் அதையே தான் வச்சிருந்தார். ஆனா அவர் பிரிட்ஜ்லயும் அதுவே இருந்ததால பொருந்துச்சு, உங்க ஜேபி பக்கத்துல அது கொஞ்சம் கூச்சப்பட்டு நிக்கும்.

உங்களுக்கு நான் சொல்றது ஜாஸ். மஹாகனி, குட்டை ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), 22 ஃபிரெட், சர்ச்ல க்ளீன் கார்டு, எல்லாமே அந்தப் பக்கம் தான் கை காட்டுது. இதே ஜேபி மேப்பிள் நெக் போல்ட் பண்ணின ஆல்டர் கிட்டார்ல இருந்துச்சுன்னா 59 வாங்கச் சொல்லியிருப்பேன், ஏன்னா அந்த மரத்துல ஜாஸ் சில பேருக்கு வெளிறிப்போன மாதிரி கேக்கும். டிஸ்டார்ஷன் பக்கமே போகாம மெலடி மட்டும் வாசிக்கிறவங்க ஆல்நிக்கோ டூ ப்ரோ எடுக்கலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, பின்னாடி மூடியைக் கழட்டி நெக் வால்யூம் பாட், அதாவது குமிழுக்கு அடியில இருக்கிற மாறு மின்தடை, எவ்வளவுன்னு அளங்க. 500கே இருக்கணும். 250கே போட்டிருந்தா ட்ரெபிளை அதுவே பாதி சாப்பிட்டுடும், எந்த பிக்கப் வாங்கினாலும் மங்கலா தான் கேக்கும். 500கேன்னு எழுதியிருந்தாலும் 20 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம்னு கம்பெனிக்காரங்களே சொல்றாங்க, அதனால சென்னை பக்கம் வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு அஞ்சாறு வாங்கி அளந்து, அதிகமா காட்டுறதை நெக் வால்யூமுக்கும் கம்மியா காட்டுறதை பிரிட்ஜுக்கும் போடுங்க. நெக் கொஞ்சம் திறக்கும், பிரிட்ஜ் கொஞ்சம் அடங்கும், செலவு ரொம்ப கம்மி.

கேள்வி: சார், நான் காலேஜ் படிக்கிறேன், பிக்கப் வாங்க இப்போதைக்கு காசில்லை. ரெண்டுமே கிட்டாரோட வந்தது. நெக் பயங்கர சத்தம், பிரிட்ஜ் சின்னதா கேக்குது. வேற வழி இருக்கா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கு, அதுவும் ஒரு ஸ்க்ரூடிரைவர்லயே. பிக்கப் வாங்க காசு வச்சிருக்கிறவங்களும் இதை முதல்ல பண்ணிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

கடைசி ஃபிரெட்ல கம்பியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கம்பியோட அடிப்பக்கத்துக்கும் பிக்கப்போட இரும்பு முனைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளங்க. கிப்சன் சொல்ற தொடக்க அளவு பிரிட்ஜுக்கு 1.6 மிமீ, நெக்குக்கு 2.4 மிமீ. அது தொடக்கம் மட்டும் தான், அங்கேயே நின்னுடாதீங்க. பிரிட்ஜை முதல்ல உங்களுக்குப் பிடிச்ச இடத்துல வச்சுட்டு அதைத் தொடாதீங்க, அப்புறம் நெக்கை இறக்கிக்கிட்டே வாங்க, ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சைத் தள்ளித் தள்ளி ரெண்டும் ஒரே அளவு சத்தமா வருதான்னு கேளுங்க. இதை கண்டிப்பா க்ளீன்ல பண்ணணும், டிஸ்டார்ஷன் எல்லாத்தையும் அமுக்கி ஒரே மட்டமா காட்டிடும், வித்தியாசம் காதுக்குத் தெரியாது. நெக்கை 3 மிமீ, 4 மிமீ வரை இறக்க வேண்டி வந்தாலும் தயங்காதீங்க. பல பேர் பிக்கப் பக்கத்துல வந்தா தான் நல்லதுன்னு நினைச்சு மேலயே வச்சுக்கிறாங்க, நெக்ல அது நேர் எதிர்.

இறக்கினதும் மொத்தமா கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருந்தா, ஸ்க்ரூ வச்ச முனைகளை மட்டும் ஒரு சுத்து, ரெண்டு சுத்து மேல தூக்குங்க. பிக்கப்போட உடம்பு தூரமா இருக்கும், ஸ்க்ரூ மட்டும் கம்பி பக்கம் வரும், அதுல ஒரு தெளிவு கிடைக்கும். பேஸ் பக்கம் தடிமனான கம்பிக்கு நேர இருக்கிறதை தூக்காம விட்டுடுங்க, ட்ரெபிள் பக்கம் தூக்குங்க.

இதுக்கப்புறமும் திருப்தி இல்லைன்னா காந்தம் மாத்தலாம், அது புது பிக்கப் விலைல ஒரு சின்னப் பகுதி தான் ஆகும். அடியில நாலு ஸ்க்ரூவை லேசா தளர்த்தினா நடுவுல இருக்கிற பட்டைக் காந்தம் நகர்ந்து வெளிய வரும், விலை குறைஞ்ச பிக்கப்கள்ல அது செராமிக்கா இருக்க வாய்ப்பு அதிகம், அதுக்குப் பதிலா ஆல்நிக்கோ 5 இல்ல 2 போட்டா குரலே மாறும். எடுக்கிறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, புதுசை அதே துருவம் அதே பக்கம் வர்ற மாதிரி வைங்க, ஒரு சின்ன திசைகாட்டி இருந்தா போதும். காயில்ல சுத்தியிருக்கிற கம்பி தலைமுடியை விட மெலிசு, நகம் பட்டா அறுந்துடும், அந்த ஒரு விஷயத்துல மட்டும் அவசரம் கூடவே கூடாது.

கேள்வி: அண்ணே, பிரிட்ஜ்ல டங்கன் இருக்கு, நெக்ல டிமார்சியோ வாங்கி நானே சால்டர் பண்ணினேன். தனித்தனியா நல்லா இருக்கு. ரெண்டும் சேர்த்து நடு பொசிஷன்ல வச்சா மட்டும் மூக்கடைச்ச மாதிரி, பேஸே இல்லாம சின்னதா கேக்குது. பிக்கப் கெட்டுப்போச்சா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கெட்டுப்போகல, ரெண்டு பிக்கப்பும் ஒண்ணுக்கொண்ணு அவுட் ஆஃப் ஃபேஸ்ல இருக்கு. ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது, பேஸ் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதால அது தான் முதல்ல அடிபட்டு காணாமப் போகும், மிச்சம் அந்த மூக்குச் சத்தம். வேற வேற கம்பெனி பிக்கப்பை ஜோடி சேர்க்கும்போது இது அடிக்கடி நடக்கும், காந்தம் எந்தப் பக்கம், கம்பி எந்தப் பக்கமா சுத்தினதுங்கிறதுல எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது.

உறுதி பண்ணிக்க கிட்டாரைத் திறக்கவே வேண்டாம். கேபிளைச் சொருகி அடுத்த முனைல மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு, வால்யூம் முழுசா திறந்து, நெக் மட்டும் ஆன் பண்ணி, ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரை பிக்கப் முனை மேல வச்சுட்டு சட்டுனு எடுங்க. எடுக்கிற நேரத்துல அளவு மேல துள்ளுதா கீழ இறங்குதான்னு பாருங்க. அதே மாதிரி பிரிட்ஜ்லயும் பண்ணுங்க. ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னா ஃபேஸ் தான் பிரச்சினை. பழைய முள்ளு மீட்டர் கிடைச்சா இன்னும் தெளிவா தெரியும்.

சரி பண்ண ஏதாவது ஒரு பிக்கப்போட ரெண்டு ஒயரை இடம் மாத்தினா போதும். டங்கன்ல கறுப்பு தான் ஹாட், அதாவது சிக்னல் ஒயர், பச்சையும் உறையில்லாத ஒயரும் கிரவுண்டு, சிவப்பும் வெள்ளையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு டேப் சுத்தி வைக்கணும். டிமார்சியோல சிவப்பு ஹாட், பச்சையும் உறையில்லாததும் கிரவுண்டு, கறுப்பும் வெள்ளையும் முடிச்சு. நீங்க நெக்கை மாத்துறதா இருந்தா பச்சையை ஹாட்டுக்கும் சிவப்பை கிரவுண்டுக்கும் கொண்டுபோங்க, அந்த உறையில்லாத ஒயர் மட்டும் எப்பவும் கிரவுண்டுலயே இருக்கணும், அதையும் சேர்த்து மாத்திட்டா கை வச்சாலே இரைச்சல் வரும்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, உங்களுக்கு இல்லைன்னாலும் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். டிமார்சியோவை டங்கன் கலர் படி கட்டிட்டா, அதாவது கறுப்பை ஹாட்ல கொடுத்து சிவப்பையும் வெள்ளையையும் முடிச்சுப் போட்டா, அந்த பிக்கப்புக்குள்ளயே ரெண்டு காயிலும் ஒண்ணையொண்ணு எதிர்க்கும். அப்ப நெக் தனியாவே மெலிசா கேக்கும், கூடவே இரைச்சலும் வரும், ஹம்பக்கர் வாங்கினதே இரைச்சல் வேண்டாம்னு தானே. நெக் தனியா வாசிக்கும்போதே தப்பா இருந்தா அந்த பிக்கப்போட கலரைப் பாருங்க, தனியா நல்லா இருந்து சேரும்போது மட்டும் தப்பா இருந்தா நான் முன்னாடி சொன்ன மாத்தம்.

பழைய மாடல் மாதிரி ஒரே ஒரு ஒயரும் மேல பின்னல் கம்பியும் உலோகக் கவரும் இருக்கிற பிக்கப்பா இருந்தா ஒயரை மாத்தக் கூடாது, கவர் ஹாட்டோட சேர்ந்துடும். அதுல காந்தத்தைத் தான் எடுத்துத் திருப்பி வைக்கணும்.

கேள்வி: வணக்கம் அண்ணை. என்ர கிட்டார் 24 ஃபிரெட், நீளமான ஸ்கேல். பிரிட்ஜில டிமார்சியோ டோன் சோன் இருக்கு. எல்லாரும் சொல்லினம் எண்டு நெக்கில டங்கன் ஜாஸ் போட்டன். ஆனா சிநேகிதன்ர லெஸ் பாலில கேக்கிற அந்தக் கொழுத்த நெக் சத்தம் வரேல்ல, மெல்லிசாக் கிடக்கு. ஏன் அப்பிடி?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, பிக்கப் மேல தப்பில்லை, அது உக்காந்திருக்கிற இடம் தான் காரணம். 25.5 இஞ்ச் ஸ்கேல்ல 22வது ஃபிரெட் பிரிட்ஜ்லேர்ந்து சுமார் 18.2 செமீ தள்ளி இருக்கும், 24வது ஃபிரெட் சுமார் 16.2 செமீ. அந்த ரெண்டு ஃபிரெட்டுக்கு இடம் கொடுக்கிறதுக்காக நெக் பிக்கப்பை கிட்டத்தட்ட 2 செமீ பிரிட்ஜ் பக்கம் தள்ளி வச்சுடுறாங்க. 24வது ஃபிரெட் இருக்கிற இடம் ஓபன் கம்பியோட சரியா கால் பங்கு, அந்தப் புள்ளில நாலாவது ஹார்மோனிக், அதாவது அடிப்படை ஸ்வரத்தோட நாலு மடங்கு வேகத்துல ஆடுற அதிர்வு, அசையாம நிக்கும். 22 ஃபிரெட் கிட்டார்ல நெக் பிக்கப் அந்த இடத்தை ஒட்டி இருக்கிறதால அந்த ஹார்மோனிக் அதுக்கு ரொம்ப கம்மியா தான் கேக்கும், அந்தக் கொழுத்த, புல்லாங்குழல் சாயல் இருக்கிற சத்தத்துல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஆனா கம்பியை ஃபிரெட்ல அமுக்கின உடனே அந்தப் புள்ளியும் நகர்ந்துடும்ங்கிறதால அதுவே முழு மந்திரம்னு எடுத்துக்காதீங்க, பெரிய விஷயம் பிரிட்ஜ் பக்கம் வர வர அடிப்படை ஸ்வரத்தோட அசைவு குறையுறது தான்.

அப்ப திருச்சி தம்பிக்குச் சொன்னதை உங்களுக்குத் திருப்பிப் போடணும், கொஞ்சம் கொழுப்பான நெக் பிக்கப் வேணும். டோன் சோனே பேஸும் லோ மிட்டும் நிறைய உள்ளது, அதுக்கு எதிர்ல அதே கம்பெனி ஏர் நார்ட்டன் நல்லா நிக்கும், பவர் நடுத்தரம், காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவுல காத்து இடைவெளி விட்டிருக்கிறதால கம்பியை அவ்வளவா இழுக்காது, சஸ்டெயின், அதாவது ஸ்வரம் நிக்கிற நேரம், நீளும். டங்கன்லயே இருக்கணும்னா 59, அந்த பேஸ் லெஸ் பால்ல பிரச்சினை, உங்க கிட்டார்ல அது தான் மருந்து. இருந்தாலும் சிநேகிதர் லெஸ் பால் மாதிரியே வரும்னு எதிர்பார்க்காதீங்க, இடத்தை பிக்கப்பால முழுசா ஈடு கட்ட முடியாது. பதிலுக்கு உங்க நெக்ல வேகமா வாசிக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவா வெட்டி விழும், அது லெஸ் பால்காரங்களுக்குச் சுலபமா கிடைக்காது.

வாங்கும்போது ரெண்டு ஓர முனைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் பார்த்துக்கோங்க. ஃபிளாய்ட் ரோஸ் (கைப்பிடியால ஆட்டுற வகை) பிரிட்ஜ் இருந்தா பிரிட்ஜ்ல சுமார் 53 மிமீ வேணும், நெக் பக்கம் கம்பிகள் நெருங்கி வர்றதால அங்க 50 மிமீ பக்கத்துல இருக்கிற சாதாரண அளவே போதும். பிக்கப் மேல ரெண்டு ஓரக் கம்பிக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

கேள்வி: பிரிட்ஜ்ல இஎம்ஜி 81 இருக்கு. நெக்ல சாதாரண பேசிவ் ஹம்பக்கர் போடலாமா சார்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வேண்டாம்மா. இஎம்ஜி ஆக்டிவ், அதாவது உள்ளேயே சின்ன ஆம்ப் இருக்கிறது, 9 வோல்ட் பேட்டரி, 25கே பாட். பேட்டரி இல்லாத பேசிவுக்கு 500கே. 25கேல பேசிவை இணைச்சா ட்ரெபிள் செத்துப் போயிடும், 500கேல ஆக்டிவை இணைச்சா வால்யூம் குமிழ் ஸ்விட்ச் மாதிரி ஆகிடும், நடுவுல எதுவும் இருக்காது. ஆளுக்கொரு பாட் தனித்தனியா கட்டி சமாளிக்கிறவங்க இருக்காங்க, ஆனா நடு பொசிஷன்ல ஆக்டிவ் தான் ஜெயிக்கும். 81ஓட காலங்காலமா ஜோடி அதே கம்பெனியோட 60 இல்லன்னா 85. தெளிவான க்ளீன் வேணும்னா 60, கொழுத்த லீட் வேணும்னா 85.

கேள்வி: ஐயா, நான் எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிச்சுப் பழகிட்டு இருக்கேன். நெக் பிக்கப்ல தான் வாசிப்பேன். கம்பியை இழுத்து கமகம் கொடுக்கும்போது சத்தம் பாதில மங்குற மாதிரி இருக்கு, மேல் ஸ்தாயில சுருதியும் சரியா நிக்கல. பிரிட்ஜ்ல ஒரு ஹாட் ஹம்பக்கர் இருக்கு. நெக்ல எதை வைக்கலாம்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல காதுங்க உங்களுக்கு, நீங்க சொன்ன ரெண்டுமே வேற வேற விஷயம்.

சத்தம் மங்குறது, கம்பி அதோட இரும்பு முனையை விட்டு பக்கவாட்டுல நகர்ந்து ரெண்டு முனைக்கு நடுவுல போறதால இருக்கலாம். ராக் வாசிக்கிறவங்க ஒரு ஸ்வரம், ஒண்ணரை ஸ்வரம் இழுப்பாங்க, கமகத்துல நீங்க அதை விட நிறைய நேரம் அந்த நடு இடத்துலயே இருக்கீங்க. முனைகளுக்குப் பதிலா முழு நீளத்துக்கும் இரும்புப் பட்டை வச்ச பிளேடு பிக்கப்னா அந்தப் பள்ளம் வராது. இழுக்கிறதை விட சறுக்கி வாசிக்கிறது உங்க பாணின்னா சாதாரண ஹம்பக்கரே போதும்.

சுருதி நிக்காததுக்கு பெரும்பாலும் காந்தம் தான் காரணம், அதுவும் உயரம் அதிகமா வச்ச நெக் பிக்கப். கம்பி நிறைய ஆடுற இடத்துல பலமான காந்தம் பக்கத்துல இருந்தா கம்பியை இழுத்துப் பிடிக்கும், ஸ்வரம் லேசா நடுங்கும், சஸ்டெயின் குறையும். தனிக் காந்தக் குச்சி வச்ச சிங்கிள் காயில்ல இது ரொம்ப மோசமா இருக்கும், ஹம்பக்கர்ல கம்மி தான், ஆனா மேல் ஸ்தாயில கம்பி பிக்கப்பை நெருங்குறதால அங்க தெரியும். சுருதி துளி விலகினாலும் ராகம் கெட்டுப்போற இசைக்கு இது சின்ன விஷயமே இல்லை. முதல்ல நெக்கை நல்லா இறக்கிப் பாருங்க, தீரலைன்னா இன்டொனேஷனை, அதாவது கழுத்து முழுக்க சுருதி சரியா வருதான்னு, ஒரு தடவை சரி பார்த்துட்டு, ஆல்நிக்கோ 2 காந்தம் இருக்கிற, சுத்து கம்மியான பிக்கப்பா தேர்ந்தெடுங்க. மேல சொன்ன ஆல்நிக்கோ டூ ப்ரோவை திருச்சிக்கு வேண்டாம்னேன், உங்களுக்கு அதைத் தான் முதல்ல சொல்வேன், அந்த மென்மையான அட்டாக்ல ஸ்வரம் பூத்து வரும், மீட்டுற சத்தம் முந்திக்கிட்டு நிக்காது. பிரிட்ஜோட சத்த வித்தியாசம் உங்களுக்கு பிரச்சினையே இல்லை, நீங்க கச்சேரி நடுவுல ஸ்விட்ச் தள்ளப் போறதில்லை.

கேள்வி: நெக் ஹம்பக்கருக்கு உலோகக் கவர் போட்டா டோன் மாறுமா?
– ஒரு வாசகர், பாண்டிச்சேரி

பதில்: நிக்கல் சில்வர் கவர்னா ட்ரெபிள் துளி குறையும், பேண்ட்ல வாசிக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. பித்தளை மேல முலாம் பூசின மலிவான கவர்னா நல்லாவே மங்கும், ஏற்கனவே மங்கலா இருக்கிற நெக்ல அதைப் போடாதீங்க. கவருக்கும் காயிலுக்கும் நடுவுல மெழுகு இல்லாம காலியா விட்டா கெயின் ஏத்தும்போது கீச்சுன்னு கத்தும், அதனால கவர் மாட்டினதும் மெழுகுல முக்கி எடுக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து மாட்டுங்க.